போர்ம் நிரப்ப முன்னம்: முகாமைத்துவ பீடத்தில் ஆய்வுப் பட்டம் செய்ய நினைப்பவர்களுக்கு

“அண்ணை, எம்.பில். பதிய எவ்வளவு காசு முடியும்?”

வங்கியில் வேலை செய்கிற ஒரு தம்பி போன மாதம் பரமேஸ்வராச் சந்தியில் மறித்துக் கேட்டார், ஹெல்மெட் கூடக் கழற்றவில்லை. என்ன தலைப்பு என்று கேட்டேன். “அதைச் சேர் தருவார்தானே” என்றார். எந்தச் சேர் என்று கேட்டேன், சிரித்தார். இப்படிக் கேட்கிறவர்கள் வருடத்துக்கு ஐந்தாறு பேராவது வருகிறார்கள், ஏனென்றால் நானும் வேலை செய்துகொண்டே பகுதிநேரமாக எம்.பில். முடித்தவன், அதுவும் முடிக்கவேண்டிய காலத்தைவிட இரண்டு வருடம் பிந்தி முடித்தவன். பிந்தினதற்குக் காரணம் காசு இல்லை. தரவு கைக்கு எட்டுமா என்று பார்க்காமல் தலைப்பு எடுத்தது ஒன்று, விசாரிக்காமல் மேற்பார்வையாளரைப் பிடித்தது மற்றது. அந்தத் தம்பிக்குச் சந்தியில் நின்று சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக முகாமைத்துவக் கற்கைகள் வணிக பீடத்தை மனதில் வைத்து எழுதுகிறேன், ஆனால் 2021இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாவின் வணிகக் கற்கைகள் பீடத்துக்கோ, ஜயவர்தனபுரவுக்கோ, கொழும்புக்கோ போகிறவர்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும்.

முதலில், எந்தப் பட்டம்?

இதைக் கெதியாகச் சொல்லிவிடுகிறேன். எம்.பி.ஏ. என்பது ஆய்வுப் பட்டம் அல்ல. கடைசியில் ஒரு ஆய்வுச் செயற்றிட்டம் இருக்கும்தான், ஆனால் அதன் முதுகெலும்பு பாடங்களும் பரீட்சையும். இலங்கைத் தகைமைகள் சட்டகம் என்று ஒன்று இருக்கிறது, அதில் நான்கு வருடச் சிறப்புப் பட்டம் 6ஆம் மட்டம். பாடங்கள் மட்டும் படித்து 30 கிரெடிட் எடுக்கிற முதுமாணி 9ஆம் மட்டம். பாடங்களோடு ஆய்வும் சேர்த்து 60 கிரெடிட் எடுக்கிற முதுமாணி 10. எம்.பில். 11, பி.எச்.டி. 12. முழுநேரமாகச் செய்தால் எம்.பில்.லுக்குக் குறைந்தது இரண்டு வருடம், பி.எச்.டி.க்கு மூன்று வருடம், பகுதிநேரம் என்றால் அதற்கு மேலே. வங்கியில் பதவி உயர்வுதான் நோக்கம் என்றால் எம்.பி.ஏ. செய்யுங்கள், வெட்கப்பட ஒன்றும் இல்லை, உங்கள் மேலதிகாரிக்கும் அந்தச் சொல்தான் விளங்கும். ஆனால் என்றாவது விரிவுரையாளராகவோ ஆய்வாளராகவோ போகிற எண்ணம் இருந்தால் 9க்கும் 10க்கும் உள்ள வித்தியாசம் பெரியது. இரண்டு சான்றிதழிலும் முதுமாணி என்றே இருக்கும், அந்த ஆய்வுப் பகுதி இல்லாத குறை பி.எச்.டி.க்கு விண்ணப்பிக்கும்போதுதான் வெளியே வரும். பணம் கட்டுவதற்கு முன்னம் அந்தக் கற்கைநெறி எத்தனையாம் மட்டம் என்று கேளுங்கள். கேட்டால் யாரும் கோபிக்க மாட்டார்கள்.

தலைப்பு இல்லை, கேள்வி

எங்கள் பீடங்களில் பட்டதாரி மாணவர் ஒருவரிடம் தலைப்புக் கேட்டால் நூற்றுக்கு எண்பது பேர் ஒரே அச்சில் வார்த்த மாதிரித்தான் சொல்வார்கள்: இதன் மீது அதன் தாக்கம், இலங்கையில் பட்டியலிடப்பட்ட கம்பனிகளை அடிப்படையாகக் கொண்டது. ‘இது’ இருக்கும் இடத்தில் கம்பனி ஆளுகை, மூலதனக் கட்டமைப்பு, பங்கிலாபக் கொள்கை என்று மாறிமாறி வரும், ‘அது’ இருக்கும் இடத்தில் பெரும்பாலும் இலாபத்தன்மை. இதை நான் நக்கலடிக்கவில்லை, தரவு இலவசம் என்பதால் அது புத்தியுள்ள தெரிவுதான், பின்னால் சொல்கிறேன். ஆனால் எம்.பில். அளவுக்குப் போகும்போது ‘ஏன் இந்தக் கேள்வி?’ என்று உங்கள் முன்மொழிவைப் பார்க்கிற குழுவில் ஒருவர் கேட்பார், அப்போது ‘இலங்கையில் இதை ஒருவரும் செய்யவில்லை’ என்ற பதில் காணாது. ஒருவரும் செய்யாமல் விட்டதற்கு அது செய்யத் தேவையில்லாத வேலை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

நல்ல கேள்வி வீட்டுக்குப் பக்கத்திலேயே கிடக்கும். ஒன்றை எடுத்துக் காட்டுகிறேன். எங்கள் மரக்கறிச் சந்தைகளில் விவசாயி கொண்டுவருகிற பொருளில் நூறு கிலோவுக்குப் பத்துக் கிலோவைக் ‘கழிவு’ என்று கழித்துவிட்டு மிச்சத்துக்குக் காசு கொடுக்கிற வழக்கம் உங்களுக்குத் தெரியும். அதை நிறுத்தச் சொல்லி விவசாயிகள் வருடக்கணக்காகக் கேட்கிறார்கள். கழிவை எடுத்துவிட்டால் விவசாயிக்குப் பத்துக் கிலோக் காசு கூடக் கிடைக்கும் என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைக்கிறோம். சரி, கணக்குப் பாருங்கள். நூறு கிலோ கத்தரிக்காய், கிலோ 200 ரூபாய். பத்துக் கிலோ கழித்தால் தொண்ணூறு கிலோவுக்கு 18,000 ரூபாய். நாளைக்குக் கழிவு இல்லை என்று சட்டம் வந்தால் வியாபாரி அதே கத்தரிக்காயை 180க்குக் கேட்கலாம். நூறு கிலோவுக்கும் காசு, அதே 18,000. அப்ப கழிவு என்பது உண்மையில் யாருடைய பையிலிருந்து போகிறது? விலையை இருபது ரூபாய் குறைத்துக் கேட்கலாம் என்றால் வியாபாரி ஏன் அப்படிக் கேட்காமல் கழிவாக எடுக்கிறார்? விலை எல்லாருடைய காதிலும் விழும், கழிவு கண்ணில் படாது என்பதாலா? பழுதாகிற பொருளின் நட்டத்தை முன்கூட்டியே பங்குபோடுகிற முறையா? ஒரே நாளில், ஒரே மரக்கறிக்கு, கழிவு எடுக்கிற இடத்திலும் எடுக்காத இடத்திலும் விலை எப்படி நிற்கிறது? பாருங்கள், கோபமாகத் தொடங்கிய விஷயம் ஐந்து நிமிடத்தில் அளக்கக்கூடிய கேள்வியாகிவிட்டது. சந்தைப்படுத்தல் துறைக்கும் போகலாம், நிதிப் பக்கமும் போகலாம்.

இது போல எத்தனையோ உண்டு. சீட்டுப் பிடிக்கிறவர்கள் எழுத்து ஒப்பந்தம் இல்லாமல் எப்படி ஆளைத் தெரிவு செய்கிறார்கள், பனைதென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்கள் கள்ளை எப்படி விலைப்படுத்துகின்றன, வெளிநாட்டுக் காசில் தொடங்குகிற கடைகள் மூன்றாம் வருடத்தில் எந்த நிலையில் நிற்கின்றன, 2009க்குப் பிறகு வந்து குவிந்த வங்கிக் கிளைகளும் குத்தகைக் கம்பனிகளும் நகை அடகுக் கடையை என்ன செய்தன. உங்கள் அம்மாவுக்கு மூன்று வசனத்தில் விளங்கப்படுத்த முடிகிற கேள்வியாக இருக்கவேண்டும் என்பது என் அளவுகோல். ‘மூலோபாயத் திசையமைவு’ என்று தொடங்கினால் அம்மா எழும்பிப் போய்விடுவார்.

தரவு: இங்கேதான் முக்கால்வாசிப் பேர் விழுகிறது

என் கதையைச் சொல்கிறேன். யாழ்ப்பாண நகரப் பக்கத்துச் சிறு கடைகளின் தொழிற்படு மூலதனம், அதாவது அன்றாட வியாபாரத்தை ஓட்டுகிற காசு, பற்றி எடுத்தேன். மாதிரி அளவுக்கு எல்லாரும் பார்க்கிற அந்த 1970ஆம் ஆண்டு கிரெஜ்சி-மோர்கன் அட்டவணையைப் பார்த்தேன்: குடித்தொகை, அதாவது ஆய்வுக்குரிய மொத்தப் பேர், 1,000 என்றால் 278 பேரிடம் கேட்கவேண்டும். முந்நூறு வினாக்கொத்து அடித்தேன், ஒவ்வொன்றும் ஏழு பக்கம். திரும்பி வந்தது பாதிக்கும் குறைவு, அதிலும் மாத விற்பனை எவ்வளவு என்ற கட்டம் அநேகமாக வெறுமை. ஒரு ஐயா ஏழு பக்கத்தையும் ஆறுதலாகப் பிரட்டிப் பார்த்துவிட்டு, மூக்குக்கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்து, “தம்பி, நீர் இன்கம் டாக்ஸோ?” என்றார். கம்பஸ் அடையாள அட்டையைக் காட்டினேன். “அவையளும் இப்பிடி அட்டை வைச்சிருப்பினம்” என்றார்.

அந்த ஐயாதான் பிறகு என் ஆய்வைக் காப்பாற்றினவர். வினாக்கொத்தைப் பையில் வைத்துவிட்டு இரண்டு மூன்று பின்னேரம் சும்மா போய் இருந்தேன், தேத்தண்ணி வந்தது, கடைசியில் கடன் கொப்பியை எடுத்துக் காட்டினார். நீல மட்டைக் கொப்பி. அதில் பெயர் இல்லை, ‘கிணத்தடி அக்கா’, ‘டிப்பர்’, ‘ரீச்சர் வீட்டுப் பெடியன்’ என்று எழுதி, தொகை, பக்கத்தில் சின்னதாக ஒரு ‘ச’ அல்லது ‘கி’. ச என்றால் சம்பளத்துக்குத் தருகிறவர், கி என்றால் கிழமைக்குத் தருகிறவர். நான் வினாக்கொத்தில் ‘உங்கள் சராசரிக் கடன் அறவீட்டுக் காலம் எத்தனை நாட்கள்?’ என்று கேட்டிருந்தேன். அவரிடம் அந்தப் பதில் இருந்தது, அந்தக் கேள்விக்குரிய வடிவத்தில் இல்லை, அவ்வளவுதான். மூலதனம் என்ற சொல்லைக் கூட அவர் பாவிப்பதில்லை, ‘முதல்’ என்பார். அதன் பிறகு ‘போன கிழமை எத்தனை பேர் கொப்பிக்கு எழுதினவை? அதில எத்தனை பேர் தந்திட்டினம்?’ என்று கேட்கத் தொடங்கினேன், தரவு வந்தது. ஒரு வருடம் அதற்குள் போய்விட்டது.

ஆகவே முன்மொழிவு எழுத முன்னமே ஐந்து பேரிடம் போய்க் கேட்டுப்பாருங்கள், ஐந்து பேர் போதும். மூன்று பேர் பதில் சொல்லத் தயங்கினால் முந்நூறு பேரும் தயங்குவார்கள். அந்த அட்டவணை பற்றியும் ஒரு சொல்: 278, மிகப் பெரிய குடித்தொகைக்கு வருகிற 384 என்ற எண்கள் எழுமாற்று மாதிரிக்கு, அதாவது குலுக்கல் போல ஆளைத் தெரிவுசெய்கிற முறைக்கு, உரியவை. தெரிந்தவர்களின் கடைகளில் மட்டும் வினாக்கொத்தைக் கொடுத்துவிட்டு 384 என்று எழுதினால் எண் மட்டும்தான் சரியாக இருக்கும். அதைப் பெருமையாக எழுதுகிற ஆய்வேடுகளை நான் எத்தனையோ பார்த்துவிட்டேன்.

வங்கியிலோ காப்புறுதியிலோ வேலை செய்கிறவர்கள் ‘எங்கட கிளையின்ர தரவு இருக்குத்தானே’ என்று நினைப்பார்கள். அது உங்கள் தரவு அல்ல, வாடிக்கையாளருடையது. தலைமை அலுவலகத்தின் எழுத்து அனுமதி இல்லாமல் ஒரு வரி எடுத்தாலும் வேலைக்கே ஆபத்து. அனுமதிக் கடிதம் கையில் வந்த பிறகுதான் அதை முன்மொழிவில் எழுதவேண்டும்.

ஏற்கெனவே வெளியாகிக் கிடக்கிற தரவுக்கு வருவோம். கொழும்புப் பங்குச் சந்தையில் முந்நூறுக்குச் சற்றுக் குறைவான கம்பனிகள் பட்டியலிடப்பட்டுள்ளன, அவற்றின் ஆண்டறிக்கைகளைச் சந்தையின் இணையத்தளத்திலேயே இலவசமாக இறக்கலாம். ஆனால் 2018 முதல் 2023 வரை என்று எடுத்தால் அதற்குள் 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்பு, 2020 கொரோனா, 2022 நெருக்கடி எல்லாம் இருக்கிறது. 2022 செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் ஏறக்குறைய 70 வீதம். அந்த வருடத்து இலாபத்தை மற்ற வருடத்து இலாபத்தோடு அப்படியே அடுக்கிப் பிற்செலவு (ரிக்ரெஷன்) பகுப்பாய்வு ஓட்டினால் குழு விடாது, அதற்கு என்ன செய்யப் போகிறீர்கள் என்பதை முதலே யோசித்துவிடுங்கள். மத்திய வங்கியின் வருடாந்தப் பொருளாதார மீளாய்வு, தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களத்தின் வெளியீடுகள், மாவட்டப் புள்ளிவிபரக் கைநூல், ஹெக்டர் கொப்பேகடுவ நிறுவனம் வெளியிடுகிற மொத்த விற்பனை விலைகள் (தம்புள்ளை விலையையும் எங்கள் விலையையும் ஒப்பிட இது உதவும்), இவை எல்லாவற்றையும் ஒருமுறை இறக்கி வைத்துப் பாருங்கள்.

அரச திணைக்களம் ஒன்றில் ஒரு கோவை இருப்பது தெரியும், தர மறுக்கிறார்கள் என்றால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. அந்த அலுவலகத்தின் தகவல் அலுவலருக்கு எழுத்தில் கேட்டால் 14 வேலைநாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்லவேண்டும். கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) நாலு தடவை அலைந்து ‘நாளைக்கு வாங்கோ’ கேட்பதைவிட இது சுகம். ஆனால் முதல் நாளே சட்டத்தைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். முதலில் மரியாதையாகப் போய்க் கேளுங்கள், பீடத்தின் கடிதத்தோடு. எங்கள் ஊரில் பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

வாசிப்பு

இதில் நான் நீட்டவில்லை. கூகிள் ஸ்கொலரில் தேடுங்கள், இலங்கை ஆய்விதழ்களுக்கு ஸ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன் தளம் இருக்கிறது, பல்கலைக்கழக நூலகத்தில் பழைய ஆய்வேடுகளைக் கேட்டு எடுத்துப் பாருங்கள். பழைய ஆய்வேட்டில் நான் முதலில் பார்ப்பது கடைசி அத்தியாயத்தின் ‘ஆய்வின் வரையறைகள்’ பகுதி, ஏனென்றால் அங்கேதான் ஆள் உண்மை சொல்லியிருப்பார். முப்பது கட்டுரைகளை எக்செல் தாளில் ஒரு வரிக்கு ஒன்றாக எழுதுங்கள்: யாரிடம் கேட்டார்கள், எதை அளந்தார்கள், என்ன கண்டார்கள், நான் எங்கே உடன்படவில்லை. கடைசி நிரல்தான் முக்கியம், அது வெறுமையாக இருந்தால் இன்னும் வாசிக்கவில்லை என்று அர்த்தம். மேற்கோள்களுக்கு ஸொட்டெரோ என்ற இலவச மென்பொருளை முதல் நாளிலிருந்தே பாவியுங்கள். இருநூறு மேற்கோளைக் கடைசிக் கிழமையில் கையால் அடித்த ஒருவனின் வயிற்றெரிச்சலில் சொல்கிறேன்.

மேற்பார்வையாளர்

சட்டப்படி பார்த்தால் விண்ணப்பித்த பிறகும் ஒருவரை நியமிப்பார்கள். நடைமுறையில், முன்னமே ஒருவரோடு பேசி அவர் சம்மதித்த பிறகு விண்ணப்பிக்கிறவர்தான் தப்புகிறார். பேராசிரியர் என்ற பட்டத்தைப் பார்த்து ஓடாதீர்கள். பெரிய பெயர் உள்ளவருக்குக் கூட்டங்களும் கூட, மாணவர்களும் கூட, உங்கள் அத்தியாயம் அவருடைய மேசையில் நாலு மாதம் கிடக்கலாம். கலாநிதிப் பட்டம் முடித்து அண்மையில் திரும்பிவந்த சிரேஷ்ட விரிவுரையாளர் ஒருவர், உங்கள் தலைப்புக்குக் கிட்டக் கடைசி மூன்று நாலு வருடத்தில் எழுதியிருப்பவர், பெரும்பாலும் உங்களுக்கு நல்லவர். எழுதியிருக்கிறாரா என்று பெயரைப் போட்டுத் தேடினால் தெரியும்.

அவரிடம் இப்போது படிக்கிற மாணவரையும் தேடிப் பிடியுங்கள். கன்ரீனில் ஒரு தேத்தண்ணி, இரண்டே கேள்வி: அனுப்பினால் எத்தனை நாளில் திருத்தித் தருவார்? அடுத்த இரண்டு வருடத்தில் வெளிநாடு போகிற யோசனை இருக்கா? எனக்கு முதலில் கிடைத்தவர் நல்ல மனுஷன், ஒரு குறையும் சொல்லமாட்டேன். ஆனால் நான் பதிந்து எட்டாம் மாதம் நீண்ட விடுமுறையில் வெளிநாடு போனார், எங்கள் இருவருக்கும் இடையில் ஐந்தரை மணித்தியாலமும் ஒரு பழுதான இணையமும் இருந்தது, மாற்று மேற்பார்வையாளரை நியமிக்கிற கடிதம் மேசை மேசையாக நகர்ந்து முடிய இன்னொரு ஆறு மாதம். கேட்டிருந்தால் அவரே சொல்லியிருப்பார். இணை மேற்பார்வையாளர் ஒருவரை முதலிலேயே சேர்த்துக்கொண்டால் இந்தத் தலையிடி குறையும்.

முதல் மின்னஞ்சல் எப்படி எழுதுவது என்று நிறையப் பேர் கேட்பார்கள். ‘மதிப்புக்குரிய சேர், நான் உங்கள் கீழ் எம்.பில். செய்ய விரும்புகிறேன், தயவுசெய்து ஒரு தலைப்புத் தரவும்’ என்று அனுப்பினால் பதில் வராது, அல்லது ‘வந்து சந்திக்கவும்’ என்று ஒரு வரி வரும், நீங்கள் போகும்போது அவர் மறந்திருப்பார். நான் பதினைந்து வரிக்குமேல் எழுதச் சொல்ல மாட்டேன். உங்களுடைய பட்டமும் வகுப்பும் ஒரு வரி. அவருடைய எந்தக் கட்டுரையை வாசித்தீர்கள், அதில் எந்த இடம் உங்களை யோசிக்க வைத்தது என்று மூன்று வரி, உண்மையாக வாசித்திருக்கவேண்டும், இல்லையென்றால் முதல் சந்திப்பிலேயே பிடிபடும். உங்கள் கேள்வி நாலு வரி. தரவு எங்கே, ஐந்து பேரிடம் கேட்டபோது என்ன நடந்தது என்று மூன்று வரி. எந்த நாள் வந்து பார்க்கலாம் என்று கேட்டு முடியுங்கள். முன்மொழிவு வரைவை அவர் கேட்காமல் இணைக்காதீர்கள், இரண்டு பக்கக் குறிப்பு ஒன்று போதும்.

முன்மொழிவு

பின்னணி, பிரச்சினைக் கூற்று, நோக்கங்கள், இலக்கிய மீளாய்வு, முறையியல், கால அட்டவணை, உசாத்துணை. இந்த ஒழுங்கு எல்லாருக்கும் தெரியும், எல்லாரும் பின்னணிக்கு ஆறு பக்கமும் முறையியலுக்கு ஒன்றரைப் பக்கமும் எழுதுவார்கள். தலைகீழாக எழுதுங்கள். குழுவில் இருப்பவர்களுக்கு இலங்கைப் பொருளாதாரத்தின் வரலாறு தெரியும். அவர்களுக்குத் தெரியவேண்டியது நீங்கள் எந்தச் சந்தைக்கு, எந்த மாதத்தில், யாரிடம், எதைக் கேட்கப் போகிறீர்கள், கேட்டு வந்ததை என்ன செய்வீர்கள் என்பது. எஸ்.பி.எஸ்.எஸ்., ஸ்மார்ட் பி.எல்.எஸ். என்று மென்பொருளின் பெயரை எழுதுவது முறையியல் ஆகாது. ஆர், ஜமோவி இரண்டும் இலவசம், களவாக இறக்கின பிரதியைவிட அவை மேல்.

ஆய்வேடு ஆங்கிலத்தில்தான் போகும். தமிழில் யோசிக்கிறவர்கள் பிரச்சினைக் கூற்றை முதலில் தமிழில் ஒரு பக்கம் எழுதிப் பார்த்துவிட்டு ஆங்கிலத்துக்குப் போங்கள். நேரே ஆங்கிலத்தில் தொடங்கினால் மற்றவர்களுடைய வசனங்கள்தான் கைக்கு வரும், அவை எழுத்துக் களவைப் பிடிக்கிற டேர்னிட்டின் மென்பொருளில் மாட்டும். வினாக்கொத்துக்கு இது மறுபக்கமாக நடக்கும்: அளவுகோல், அதாவது ஒன்றை அளக்க ஏற்கெனவே தயாரித்து வைத்த கேள்வித் தொகுதி, ஆங்கிலத்தில் இருக்கும், நீங்கள் தமிழாக்கவேண்டும். அதை இன்னொருவரிடம், மூலத்தைக் காட்டாமல், திரும்ப ஆங்கிலமாக்கக் கொடுங்கள். மனிதவள ஆய்வுகளில் வருகிற ‘கொமிட்மென்ட்’ என்ற சொல்லை என் நண்பர் ஒருவர் ‘கடப்பாடு’ என்று போட்டார், திரும்பி வரும்போது அது ‘ஒப்ளிகேஷன்’ ஆகிவிட்டது. மனம் ஒன்றி நிற்பது வேறு, கட்டாயத்தில் நிற்பது வேறு. அவர் அளந்தது இரண்டாவதை, எழுத நினைத்தது முதலாவதை. கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று காட்டுகிற குரோன்பாக் அல்பா 0.7க்கு மேலே வந்தும் அந்தப் பிழையைக் காட்டிக்கொடுக்கவில்லை.

இனி போர்ம்

உயர் பட்டப்படிப்புகள் பீடமும் பல்கலைக்கழக இணையத்தளமும் அறிவித்தல் விடும், பத்திரிகையிலும் வரும். பட்டச் சான்றிதழ், பாடவாரிப் பெறுபேறு, இரண்டு பரிந்துரையாளர், வேலை செய்கிறவர்களுக்கு நிறுவனத்தின் சம்மதக் கடிதம், முன்மொழிவு. பிறகு நேர்முகம் அல்லது முன்மொழிவைச் சமர்ப்பித்துப் பேசுதல், பீடச் சபை, மூதவை (செனட்) என்று ஒவ்வொரு கூட்டமாகப் போகும். மனிதர்களிடம் தரவு சேர்ப்பதென்றால் ஆய்வு நெறிமுறைக் குழுவின் அனுமதி தேவைப்படும், அதற்கும் கூட்டத் திகதி இருக்கிறது. கூட்டம் மாதத்துக்கு ஒன்றுதான் என்று வைத்துக்கொண்டு உங்கள் கால அட்டவணையைப் போடுங்கள், ஒரு கையொப்பம் பிந்தினால் ஒரு மாதம் போகும். சின்ன விஷயம் ஒன்று: அடையாள அட்டையிலும் பட்டச் சான்றிதழிலும் பெயரின் முதலெழுத்தோ எழுத்துக்கூட்டலோ வேறாக இருந்தால் இப்போதே திருத்துங்கள், அல்லது சத்தியக் கடதாசி முடித்து வையுங்கள். பதிந்த பிறகு ஆறு மாதத்துக்கு ஒருக்கால் முன்னேற்ற அறிக்கை கேட்பது வழமை. எம்.பில்.லாகப் பதிந்து வேலை நன்றாகப் போனால் பி.எச்.டி.யாக உயர்த்திக் கேட்கிற வழியும் எங்கள் பல்கலைக்கழகங்களில் உண்டு, அதை மேற்பார்வையாளரோடு முதல் வருடம் முடியமுன்னம் பேசுங்கள்.

வெளிநாடு என்றால் கணக்கு வேறு. அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகங்களில் ஆய்வு மாணவருக்குக் கட்டணமும் வாழ்க்கைச் செலவும் கொடுக்கிற புலமைப்பரிசில்கள் உண்டு, பிரித்தானியாவுக்குப் பொதுநலவாயப் புலமைப்பரிசில், இந்தியாவுக்கு இந்தியக் கலாசார உறவுகள் சபையின் (ஐ.சி.சி.ஆர்.) புலமைப்பரிசில். எதற்கும் மேற்பார்வையாளருக்கு எழுதுகிற அந்தப் பதினைந்து வரிதான் வாசல். ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலப் பரீட்சைப் பெறுபேறு இரண்டு வருடம்தான் செல்லும், ஆகவே அதை அவசரப்பட்டு எடுத்து வைத்துவிட்டு வருடக்கணக்காகத் தலைப்பு யோசிக்காதீர்கள். உள்ளூரில் காசு வேண்டும் என்றால் விரிவுரையாளர் ஒருவருக்குக் கிடைத்த ஆய்வு நிதியில் ஆய்வு உதவியாளராகச் சேருவதுதான் நான் கண்ட நேரான வழி. சம்பளம் பெரிதில்லை, ஆனால் தரவு சேர்க்கிற தொழில் கைக்கு வரும், சிலவேளை அந்தத் தரவிலேயே உங்கள் ஆய்வேடும் பிறக்கும்.

பதிந்த கையோடு உங்கள் மின்னஞ்சலுக்கு ‘மதிப்புக்குரிய கலாநிதி’ என்று விளித்து, ஏழு நாளில் கட்டுரை வெளியிடுகிறோம், இவ்வளவு டொலர் அனுப்புங்கள் என்று கடிதங்கள் வரத் தொடங்கும். நீங்கள் இன்னும் கலாநிதி இல்லை என்பது அவர்களுக்கும் தெரியும். ஸ்கோபஸ் பட்டியலிலோ அவுஸ்திரேலிய வணிகப் பீடாதிபதிகள் சபையின் பட்டியலிலோ அந்த இதழ் இருக்கிறதா என்று பாருங்கள், மேற்பார்வையாளரிடம் கேளுங்கள். முதல் கட்டுரையை உள்ளூர் மாநாடு ஒன்றில் வாசிப்பது தாராளமாகப் போதும், கேள்வி கேட்கிறவர்கள் முகத்துக்கு நேரே இருப்பார்கள்.

சரி, தம்பி கேட்ட காசு. பதிவுக் கட்டணமும் வருடக் கட்டணமும் அறிவித்தலிலேயே இருக்கும், அது மாறுகிற எண், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். அறிவித்தலில் இல்லாத செலவுகளைச் சொல்கிறேன்: பெற்றோல், போட்டோக் கொப்பி, தொலைபேசி டேட்டா, தரவு பதிய உதவுகிற பிள்ளைகளுக்குச் சாப்பாடு, கடைசியில் ஐந்தாறு பிரதி கட்டுவது. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குத் தரவு எடுக்கப் போகிறவர்கள் விடியவே போங்கள், விவசாயி நிற்கிற நேரம் அதுதான், வெயில் ஏறினால் வியாபாரி மட்டும்தான் நிற்பார். கையில் ஒரு பையும் கொண்டுபோய் இரண்டு கிலோ கத்தரிக்காயாவது வாங்குங்கள், சும்மா நின்று கேள்வி கேட்கிறவனை அங்கே ஒருவருக்கும் பிடிக்காது. அதையும் செலவில் எழுதுங்கள்.